காஞ்சியில் ஒரு நாள்: கைலாசநாதரில் தொடங்குங்கள்

காஞ்சிபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று முடித்துக்கொண்டு, நேரமிருந்தால் கைலாசநாதருக்குப் போகிறார்கள். அதற்குள் பன்னிரண்டு மணியாகி நடை சாத்திவிடும், தரைக் கல்லும் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள்.

காலை ஆறரை, ஏழுக்கெல்லாம் கைலாசநாதர் கோயிலில் இருக்க வேண்டும். கோயில் கிழக்கு பார்த்தது. சாய்வெயில் மணற்கல்லில் படும்போதுதான் யாளிகளின் நகமும் பிடரியும் எழுந்து நிற்கும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். கி.பி. 700-ஐ ஒட்டி ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது இது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் ஈரத்தை உறிஞ்சும். உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். அதை மறைக்கப் பிற்காலத்தில் பல இடங்களில் தடித்த சுண்ணச்சாந்து பூசிவிட்டார்கள். மூக்கும் உதடும் மொழுக்கென்று தெரிந்தால் அது சாந்து. உளி பட்ட கூர்மை தெரிந்தால் பல்லவக் கை. இந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் கோயிலே வேறாகத் தெரியும்.

திருச்சுற்றைச் சுற்றி 58 சிறு சந்நிதிகள் இருக்கின்றன. அவசரப்பட்டு எட்டிப் பார்த்தால் இருட்டுதான். ஒவ்வொன்றின் முன்னும் அரை நிமிடமாவது நின்று கண்ணைப் பழக்குங்கள். சிலவற்றில் பல்லவர் கால ஓவியத் துணுக்குகள், ஒரு சோமாஸ்கந்தர் (சிவனும் உமையும், நடுவே குழந்தை முருகனும்) உட்பட, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், விரலும் வைக்காதீர்கள். மண்டபத் தூணில் ஒரு கன்னடக் கல்வெட்டு உண்டு. காஞ்சியை வென்ற சாளுக்கிய விக்கிரமாதித்தன் கோயில் செல்வத்தைத் தொடாமல் இறைவனுக்கே விட்டுப் போனதைச் சொல்லும் கல்வெட்டு அது. வென்றவனையே தலைவணங்க வைத்த கோயில்!

கருவறையில் பதினாறு பட்டை லிங்கம், பின்சுவரில் சோமாஸ்கந்தர். கருவறையைச் சுற்றும் குறுகிய வழியில் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். கைப்பை, சட்டைப்பையில் இருக்கும் போன் எல்லாவற்றையும் உடன் வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். முழங்கால் வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் வெளியிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்து ஏகாம்பரநாதர். 1509-இல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ராஜகோபுரத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மூலவர் மண் லிங்கம் என்பதால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. இந்தச் சிவன் கோயிலுக்குள்ளேயே நிலாத்திங்கள் துண்டத்தான் என்ற பெருமாள் சந்நிதி இருக்கிறது. காமாட்சியம்மன் கோயிலுக்குள் கள்வனூர்ப் பெருமாள். பக்கத்திலேயே உலகளந்த பெருமாள் கோயிலில் ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என நான்கு சந்நிதிகள். ஆக மூன்றே கோயில்களில் ஆறு திவ்யதேசங்கள், அதாவது ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்கள். தெரியாமல் வந்தால் அம்மனை மட்டும் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். அன்றைக்கு இந்த நேரக் கணக்கு ஒத்துவராது.

பதினோரு மணிக்குள் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வந்துவிடுங்கள். பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் கட்டிய பரமேஸ்வர விண்ணகரம் இதுதான். இருந்த, கிடந்த, நின்ற கோலங்கள் மூன்று தளங்களில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். சயனக் கோலத்தைச் சேவிக்க வேண்டுமானால் ஏகாதசி பார்த்து வாருங்கள். சுற்று மண்டபச் சுவரில் பல்லவர் வம்ச வரலாறே வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. வாரிசில்லாத அரியணைக்குச் சிறுவன் நந்திவர்மனை அழைத்துவந்து முடிசூட்டிய கதை வரை அதில் உண்டு. சிங்கத் தூண்களின் நிழலில் நின்று படிக்கலாம் என்பதால் நடை சாத்தும் முன் ஏறும் வெயிலுக்கு ஏற்ற இடம் இது.

நடை சாத்திய பிறகு நான்கு மணி வரை ஓய்வுதான். அதன்பின் வேகவதி ஆற்றைக் கடந்து திருப்பருத்திக்குன்றம் போகலாம். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள், திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம். அங்குள்ள சமணக் கோயிலின் சங்கீத மண்டபம், விஜயநகரத் தளபதி இருகப்பர் 1387-ஐ ஒட்டிக் கட்டியது. விதானத்தில் தீர்த்தங்கரர் வாழ்க்கை ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்கும்தான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

இருட்டுவதற்குள் சின்னக் காஞ்சிபுரம். வரதராஜர் கோயிலில் முதலில் நூற்றுக்கால் மண்டபத்தைப் பாருங்கள். வெளிச்சம் போனால் குதிரைவீரர் தூண்களும் கல் சங்கிலியும் கண்ணுக்குப் பிடிபடாது. பிறகு 24 படியேறி, மூலவர் இருக்கும் அத்திகிரியில் சேவை.