ஐம்பத்தோரு தட்டு

“காசுக்கு எடுக்கலையா? அப்ப உன்கிட்ட எப்படிப்பா வேலை சொல்றது?”

நண்பனின் தாய்மாமா கேட்டது இவ்வளவுதான். கேட்டு ஏழு மாதம் ஆகிறது. குத்தலாகக் கேட்டாரா, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அன்றைக்குக் குத்தல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நண்பன் தன் கல்யாணத்துக்குப் படம் எடுக்கச் சொல்லி என்னைக் கேட்கவே இல்லை. “நீ வந்து சாப்பிட்டுட்டு ஜாலியா இரு” என்றுதான் சொன்னான். நான்தான் விடவில்லை. “படம் எடுத்துத் தர்றேன், அதுதான் என் மொய்” என்றேன். ரெண்டு நாள் கல்யாணத்துக்கு அப்போது நான் அறுபதாயிரம் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கை அவனிடம் சொல்லவில்லை, ஆனால் அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

வழக்கமாக நான் கேண்டிட் மட்டும்தான், யாரையும் நிற்கவைக்காமல் அவர்கள் போக்கில் எடுப்பது. குடும்பப் படம், மேடை வரிசை எல்லாம் ட்ரடிஷனல் எடுப்பவர் தலையில் விழும். அவர் அங்கே நின்று மாரடிப்பதால்தான் நான் மூலையில் நின்று யாராவது கண்ணைத் துடைப்பதற்காகக் காத்திருக்க முடிகிறது. இவனுக்குச் செலவை மிச்சம் பண்ணித் தருகிறேன் பேர்வழி என்று, ரெண்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீடியோவுக்கு மட்டும் வெளியாட்கள். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் சொல்வார்கள். நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

காசு வாங்கிக்கொண்டு போகிற கல்யாணத்தில் எனக்கு ஒரே முதலாளி, அட்வான்ஸ் கொடுத்தவர். எந்த அத்தை வந்து அதட்டினாலும் “அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்மா” என்று நழுவிவிடலாம். இங்கே அப்படி ஒருவரும் இல்லை. மாப்பிள்ளையோட சேக்காளி என்று தெரிந்ததும் மண்டபம் முழுக்க முதலாளி. ரிசப்ஷனில் வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சித்தி தன் செல்போனை நீட்டி, “இதுலயும் ஒண்ணு எடு தம்பி, ஸ்டேட்டஸ் வைக்கணும்” என்றார். ஒரு பெரியப்பா மொய் எழுதும் மேசையை எடுக்கச் சொன்னார். எழுதுகிற ஆள் தெரிய வேண்டுமாம், நோட்டில் இருக்கும் தொகை தெரியக் கூடாதாம். ராத்திரி கடைசிப் பந்தியில், கழுத்தில் ரெண்டு கேமரா தொங்க நின்றவன் கையில் யாரோ சாம்பார் வாளியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊற்றினேன். எரிச்சல்தான், ஆனால் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய எரிச்சல்.

மாமா விஷயம் அப்படி இல்லை.

முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. ஆறரை வாக்கில் பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு மாமன் சீர் வந்து இறங்கியது. ஐம்பத்தோரு தட்டு. வாசலில் நுழைவதை எடுத்தேன், ஆரத்தியை எடுத்தேன். அப்புறம் மாப்பிள்ளை அறைக்குப் போய்விட்டேன். அங்கே கிழக்குப் பார்த்த ஜன்னல். ஆவணி மாசத்து வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. நண்பனின் அம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்யப் பார்க்கிறார், எட்டவில்லை. “குனிடா” என்கிறார். அவன் போன் பேசிக்கொண்டே குனிகிறான். அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தது. எண்பத்தைந்து லென்ஸைப் போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கிறேன். இதற்காகத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று தோன்றுகிற நிமிஷம் கல்யாணத்துக்கு ஒன்றோ ரெண்டோதான் வரும்.

மாமா கதவருகில் வந்து நின்றார். “தம்பி, தட்டெல்லாம் பரப்பியாச்சு. ஒரு ஸ்டூலைப் போட்டு மேல இருந்து எடுத்துரு. எல்லாத் தட்டும் விழணும்.”

“ரெண்டு நிமிஷம் மாமா.”

போய்விட்டுத் திரும்ப வந்தார். “அத்தை, பிள்ளைகளெல்லாம் நிக்கிறாங்கப்பா.”

“வந்துட்டேன் மாமா.”

மூன்றாவது தடவை தோளைத் தொட்டார். கேமரா அசைந்தது. அந்த அம்மா நிமிர்ந்து தன் தம்பியைப் பார்த்தார், முகம் சட்டென்று பழைய முகமாகிவிட்டது. நான் திரும்பி, சத்தம் போடாமல்தான், சொன்னேன்: “மாமா, இதை நான் காசுக்கு எடுக்கல. அவனுக்காக எடுக்கிறேன்.”

அதற்குத்தான் அந்தக் கேள்வி. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி மடித்துப் போட்டுக்கொண்டார், போய்விட்டார்.

ஏன் அதைச் சொன்னேன் என்று பலவிதமாக யோசித்திருக்கிறேன். ‘நான் கூலிக்காரன் இல்லை’ என்று சொல்ல வந்திருப்பேன். ஆனால் கூலிக்கு எடுக்கிற நாட்களில் இப்படி யாராவது தோளைத் தொட்டால் சிரித்துக்கொண்டே போய் ஸ்டூலில் ஏறியிருப்பேன். காசு கொடுத்தவர்களின் தொல்லையை இத்தனை வருஷமாகப் பொறுத்துக்கொண்டவனுக்கு, சும்மா செய்கிற இடத்தில் பொறுமை இல்லை. அதே நேரம், நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆள் ஒருத்தன், கேமரா ஒரு கண். அந்த முகம் மறுபடி வராது, தட்டு எங்கேயும் ஓடிவிடாது என்று நினைத்தேன்.

தட்டுதான் ஓடிவிட்டது. ஏழெட்டு நிமிஷம் கழித்துப் போனபோது பெண்கள் பாதித் தட்டுகளை மேடைக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நின்றவர்களும் கலைந்திருந்தார்கள். ஸ்டூலில் ஏறி இருந்ததை எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். முப்பத்து நாலு. ஓரத்தில் ஒரு தோளும் மடித்த துண்டும் மட்டும் இருக்கின்றன.

மாமன் சீர் என்றால் என்னவென்று தெரியாத ஊரில் நான் பிறக்கவில்லை. என் அக்கா மகளுக்குக் காது குத்தியபோது நானே தட்டுக்கு அலைந்தவன்தான். எத்தனை தட்டு என்பதை ஊர் எண்ணும், பத்து வருஷம் கழித்தும் சொல்லும். அந்தப் படம் மாமாவுக்கு ரசீது மாதிரி. ஆனால் எங்கள் தொழிலில் ஸ்டூலில் ஏறி மேலிருந்து எடுக்கிற தட்டுப் படத்தைக் கேலி செய்வோம், நானும் செய்திருக்கிறேன். அந்த மூன்று தடவையும் அந்தக் கேலி என் காதில் இருந்ததா? இல்லை என்று சொல்ல ஆசைதான்.

ஜன்னல் படம் கிடைத்தது. மாமா போன பிறகு அந்த அம்மா மறுபடி காலரைத் தொட்டார், அப்போது கிடைத்தது. என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இதுவரை அதிகம் பேர் பார்த்த படம் அதுதான். அதைப் பார்த்துவிட்டு ரெண்டு கல்யாண ஆர்டர் வந்தது. ‘அவனுக்காக எடுக்கிறேன்’ என்ற வாக்கியத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது.

முகூர்த்தத்துக்கு முன்னால் மாமா மாப்பிள்ளைக்கு உருமால், அதாவது தலைப்பாகை, கட்டினார். அப்போது அவர் முகத்தை மட்டும் ஏழெட்டுப் படம் எடுத்தேன். மற்றவர்களுக்கு ரெண்டு எடுப்பேன். ஒன்றில்கூட அவர் கேமராவைப் பார்க்கவில்லை. உருமால் கட்டுகிறவர் எதற்குக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

ரெண்டு நாள் கழித்து, பிளாஷுக்குப் போடும் பேட்டரியைத் தேடிப் பையின் பக்க ஜிப்பைத் திறந்தேன். உள்ளே ஒரு மொய்க் கவர். ரெண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள், கவரில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு. மேலே பால்பாயிண்டில் மாமாவின் பெயரும் ஊரும்.

அது கூலியா, மொய்யா? கூலி என்றால், “இந்தா காசு, இனி வேலை சொல்லலாமா” என்பது அர்த்தம். மொய் என்றால் அது செய்முறை, அவர் வீட்டு விசேஷத்தில் நான் திருப்பிச் செய்ய வேண்டும். கல்யாணமாகாத என் வீட்டில் என்ன விசேஷம் நடந்துவிட்டது மொய் வைக்க? ஆனால் கூலி கொடுக்கிறவர் பெயர், ஊர் எழுதிக் கொடுப்பாரா? கையில் கிடைத்த கவரில் வைத்திருக்கலாம். பழக்கத்தில் பெயரை எழுதியிருக்கலாம்.

இதில் சட்டம் வேறு வந்து சிரிக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கிற படத்துக்கு அவர்தான் முதல் உரிமையாளர். பணம் வாங்காமல் எடுத்தால் எடுத்தவனுக்கே உரிமை. ஆக, பரிசு என்று நான் எடுத்த அத்தனை படமும் சட்டப்படி என்னுடையது. இந்த ஆயிரத்தொரு ரூபாயை வைத்துக்கொண்டால் மாமாவுக்கு எந்தப் படம் சொந்தம்? அவர் கேட்டது ஒரே படம், அதைத்தான் நான் எடுக்கவில்லை.

நண்பனிடம் கவரைப் பற்றிச் சொல்லவில்லை. ஆல்பம் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு சைஸ், நாற்பது தாள். தட்டுப் படத்துக்கு ஒரு தாள் முழுக்கக் கொடுத்தேன். டிசைன் பண்ணுகிற பையன் “இது எதுக்குண்ணே இவ்ளோ பெருசா?” என்றான், வைடா என்றேன். ஆல்பம் போய்ச் சேர்ந்ததும் மாமா பார்த்தாரா என்று நண்பனிடம் கேட்டேன். “பார்த்தாரே, நல்லாருக்குன்னாரு. அந்தத் தட்டுப் பக்கத்துல விரலை வச்சு ஏதோ எண்ணிட்டு இருந்தாரு.”

அதற்கப்புறம் இன்னொரு நண்பன் கல்யாணம் வந்தது. இந்தத் தடவை அட்வான்ஸ் என்று நூற்றியொரு ரூபாய் கேட்டு வாங்கினேன், அவன் சிரித்தான். ட்ரடிஷனல் ஆளையும் என் செலவில் கூட்டிப் போனேன். ஒன்றும் பெரிதாக மாறவில்லை, அங்கேயும் சாம்பார் வாளி வந்தது. யாரும் கேட்காமலே ஸ்டூலில் ஏறிச் சீர்த்தட்டுகளை எடுத்தேன். அந்த வீட்டில் அதை யாரும் தேடவில்லை, ஆல்பத்துக்கும் எடுக்கவில்லை.

போன வாரம் நண்பன் கூப்பிட்டான். சித்திரையில் மாமா பேத்திக்குக் காதுகுத்து. “மாமா உன்னைக் கண்டிப்பா வரச் சொன்னாருடா. போட்டோவுக்கு ஆள் சொல்லியாச்சாம், நீ சும்மா வந்தாப் போதுமாம்.”

“கேமரா கொண்டுவர வேணாம்னு சொன்னாரா, கொண்டுவரக் கூடாதுன்னு சொன்னாரா?”

“ரெண்டும் ஒண்ணுதானேடா” என்றான்.