பியானோ கடைப் பையன் ஜான் ஃபீல்ட்

பியானோ ஷோரூமில், வாங்க வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. பலருக்கு வாசிக்கத் தெரியாது, ஒரு கீயை அழுத்திப் பார்த்துவிட்டு "நீங்களே ஏதாவது வாசிங்களேன்" என்பார்கள். நான் பெரும்பாலும் இசையமைப்பாளர் ஜான் ஃபீல்டின் ஐந்தாவது நாக்டர்னைத்தான் வாசிப்பேன். நாக்டர்ன் என்றால் இரவின் அமைதியை நினைவூட்டும் மென்மையான பியானோ இசை. அவரும் இதே வேலை பார்த்தவர் என்று தெரிந்ததிலிருந்து அவர்மேல் எனக்குத் தனிப் பாசம்.

1782-இல் டப்ளினில் பிறந்தவர், ஒன்பது வயதிலேயே மேடையேறிவிட்டார். 1793-இல் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்ததும் அப்பா அவரை முட்ஸியோ கிளெமென்டியிடம் சேர்த்துவிட்டார். கிளெமென்டி பெரிய கலைஞர், கூடவே பியானோ வியாபாரி. அப்புறம் என்ன, கடையில் பியானோ விற்க வேண்டுமென்றால் பையன்தான் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். 1802-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்குக் கூட்டிப் போனபோதும் அதே கதைதான். அங்கே அவரைப் பார்த்த வயலின் கலைஞர் லூயி ஸ்போர் எழுதியிருப்பதைப் படித்தால் மனசு கஷ்டப்படும்: வளர்ந்துவிட்ட பையனுக்குச் சின்னதாகிப்போன உடுப்பு, கீபோர்டின்மேல் கையை நீட்டினால் சட்டைக் கை முழங்கை வரை ஏறிக்கொள்ளும். ஆனால் வாசிக்க ஆரம்பித்ததும் அதெல்லாம் ஸ்போருக்கு மறந்துபோனதாம்.

பியானோவில் சுத்தியல் கம்பியை அடித்த அடுத்த கணமே ஒலி தேய ஆரம்பித்துவிடும், பாடகர் மாதிரி இழுக்க முடியாது. ஃபீல்ட் என்ன செய்தார் என்றால், இடது கையால் அடி ஸ்வரத்தைத் தொட்டு, ஒலியை நீடிக்க வைக்கும் பெடலை மிதித்தபடியே, கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின்) மற்ற ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மேலே பரப்பி, அந்த ஒலி அடங்குவதற்குள் வலது கையில் மெல்லப் பாட்டைத் தொடங்கினார். எந்தப் பியானோவில் ஒலி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது நாள் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று வாசித்துக் காட்டுகிறவனுக்கு விரலிலேயே ஏறிவிடும், அந்தக் கடை வேலையிலிருந்துதான் நாக்டர்ன் முளைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1803-இல் கிளெமென்டி கிளம்பிப் போனார், ஃபீல்ட் ரஷ்யாவிலேயே தங்கிப் பேர் வாங்கினார். ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காகூட அவரிடம் கொஞ்சம் பாடம் கேட்டிருக்கிறார். முதல் நாக்டர்ன்கள் 1812-இல் அச்சாயின. போலந்து இசையமைப்பாளர் ஷோபேனுடையவை வந்தது அதற்கு 20 வருடம் கழித்து, ஆனால் இன்று நாக்டர்ன் என்றாலே எல்லோருக்கும் ஷோபேன்தான். ஷோபேனை எனக்கும் உயிர்தான், ஆனாலும் ஃபீல்டை வாசித்து முடித்ததும் "இது ஷோபேன்தானே?" என்று யாராவது கேட்டால், இல்லை, இது டப்ளின்காரர் ஜான் ஃபீல்ட் என்று சொல்லாமல் விடமாட்டேன்.