டெக்சாஸில் கேமரா மாட்டவும் லைசென்ஸ் வேண்டும்

நானும் மச்சானும் டெக்சாஸில் டிவி மாட்டுவது, வைஃபை சரிசெய்வது என்று சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறோம். போகிற வீட்டிலெல்லாம் "அப்படியே வாசலுக்கு ஒரு கேமராவும் போட்டுக் கொடுங்களேன்" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் இந்த லைசென்ஸ் பக்கம் போனோம்.

சைரன் கட்டி ராத்திரி பகலாகக் கண்காணிக்கிற பெரிய கம்பெனிகளுக்குத்தான் லைசென்ஸ் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். மாநிலத்தின் ஆக்குபேஷன்ஸ் கோட் என்ற தொழில்களுக்கான சட்டத் தொகுப்பில் அத்தியாயம் 1702-ஐப் படித்தால், வீட்டிலோ கடையிலோ படம்பிடித்துப் பதிந்து வைக்கிற கேமராவே 'அலாரம் சிஸ்டம்' கணக்கில் வந்துவிடுகிறது. நம் வீட்டில் நாமே மாட்டிக்கொண்டால் கேள்வி இல்லை, கவுன்ட்டரில் விற்பதோடு நிறுத்திக்கொள்கிற கடைக்காரருக்கும் விலக்கு உண்டு. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் சுவரில் துளை போடுவதுதான் தொழில் என்றால் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கிளாஸ் ஏ மிஸ்டிமீனர் என்ற வகைக் குற்றம், அதாவது ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். காலிங்பெல் கேமராவுக்கு இது கொஞ்சம் ஓவர்தான்.

விண்ணப்பம் டாப்ஸ் என்ற தளம் வழியாக மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறைக்குப் போகிறது. கைரேகை எடுத்த இடத்தில் மச்சானின் விரல் பதியவே இல்லை. ஜிப்சம் போர்டு அறுத்து அறுத்து ரேகை தேய்ந்து கிடந்தது. அங்கிருந்த அம்மா லோஷன் தடவித் துடைத்து, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பிடித்து எடுத்தார்.

உண்மையில் இழுத்தடித்தது இன்ஷூரன்ஸ். உடல் காயம், சொத்துச் சேதத்துக்கு ஒரு சம்பவத்துக்கு 1,00,000 டாலர், அவதூறு போன்ற தனிநபர் பாதிப்புக்கு ஒரு சம்பவத்துக்கு 50,000, எல்லாச் சம்பவங்களுக்கும் சேர்த்து மொத்தம் 2,00,000 என்று சட்டமே குறைந்தபட்சத்தைச் சொல்கிறது. தொகையெல்லாம் சரி, ஆனால் ஏஜென்ட் சான்றிதழில் கம்பெனி பெயருக்குப் பின்னால், அது எந்த வகை கம்பெனி என்று காட்டும் 'எல்எல்சி' போடாமல் அனுப்பிவிட்டார். சான்றிதழ் திரும்பி வந்தது. அந்த மூன்று எழுத்துக்காக அவர் பின்னாலேயே போனில் அலைந்தோம்.

லைசென்ஸுக்காகக் கம்பெனியின் மேனேஜர் எழுத வேண்டிய தேர்வில் ஒயரிங் வரும் என்று நினைத்துப் போகாதீர்கள், சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். அப்புறம் விளம்பரத்தில் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும் என்பதால் வேன் ஸ்டிக்கரையும் மாற்றி அடிக்க வேண்டியதாயிற்று. கேமரா மாட்ட ஆள் தேடுகிறவர்கள் அந்த எண்ணைக் கேளுங்கள். டாப்ஸில் கம்பெனி பெயரைப் போட்டால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.