வேளாங்கண்ணியில் முதல் அரை மணி நேரம்

வேளாங்கண்ணியில் வந்து இறங்கியதும் பெரும்பாலோர் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு நேராக வரிசையில் போய் நிற்பார்கள். மாதா முன்னால் வந்ததும் வீட்டிலிருந்து சுமந்து வந்த வேண்டுதலை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். சென்னையிலிருந்து காவி உடுத்தி 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்தவர்களுக்கும் இப்படித்தான் ஆகிறது. பக்தி குறைந்ததால் அல்ல, உடம்பு அசந்துபோனதால்.

"ஆண்டவரிலே மகிழ்ச்சி கொள், உன் உள்ளத்து விருப்பங்களை அவர் நிறைவேற்றுவார்" என்கிறது விவிலியத்தின் திருப்பாடல் 37:4. பின்பாதி நமக்கு மனப்பாடம். முன்பாதிக்குத்தான் நேரம் ஒதுக்குவதில்லை. ஆகவே அறைக்குப் போய்க் குளித்து, ஏதாவது சாப்பிட்டு, பிறகு நற்கருணை (இயேசுவின் உடலாக வணங்கப்படும் அப்பம்) வைத்திருக்கும் ஆராதனை ஆலயத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். எதையும் கேட்க வேண்டாம். திருப்பாடல் 103-ஐ மெதுவாக வாசித்து, கிடைத்த நன்மைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி கூறினால் போதும். முதல் பத்து நிமிடம் வறட்சியாக இருக்கும். கடன், கல்யாணம், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் வந்து முட்டும். அவற்றோடு மல்லுக்கட்டாமல், "உன்னை மறக்கவில்லை, பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நன்றிக்குத் திரும்புங்கள். இங்கேதான் பலர் மனம் தளர்ந்து எழுந்து போய்விடுகிறார்கள்.

அதன் பிறகு ஒரு தாளை எடுங்கள். கானாவூர்த் திருமணத்தில் மரியா தம் மகன் இயேசுவிடம் சொன்னது ஒரே ஒரு குறையை: திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது. எங்கே வாங்குவது, எவ்வளவு வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பணியாளரிடம், "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்றார், அவ்வளவுதான். இயேசு தண்ணீரை இரசமாக்கினார்: ஆறு கல்தொட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குடம். அத்தனை இரசம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்! அந்தத் தாயிடம் வந்துவிட்டு, வேண்டுதலை மட்டும் ஏன் நாம் உத்தரவு மாதிரி எழுத வேண்டும்? "மகனுக்கு அந்தத் துபாய் வேலை கிடைக்க வேண்டும்" என்பதை அடித்துவிட்டு, "மகனுக்கு வேலை இல்லை. வீட்டில் யாரோடும் பேசுவதில்லை" என்று எழுதிப் பாருங்கள். இரண்டாவது வரியை எழுதும்போது கை நிற்கும். உண்மையான விருப்பம் அங்கேதான் இருக்கிறது.

ஆசைப்படுவதே பாவம் என்று நினைத்து அதை நெரித்துவிடவும் வேண்டாம். சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவும் முதலில் துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்றுதான் கேட்டார். தந்தையின் விருப்பம் நிறைவேறட்டும் என்றது அதற்கு அடுத்து. இன்னொரு சறுக்கல், நேர்த்திக்கடனைப் பேரமாக்குவது. "குழந்தை பிறந்தால் வெள்ளித் தொட்டில்" என்று நிபந்தனை போட்டால், பிறக்காத வருடத்தில் கடவுளோடு பேச்சே நின்றுவிடுகிறது. தொட்டிலோ தென்னங்கன்றோ, நன்றியாகவே கொடுங்கள்.

பேராலயத்திலிருந்து மாதா குளம் வரை முழந்தாளில் போக நினைத்தால், விடிந்ததும் தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் மணல் சுடும். பருத்தித் துண்டை இரண்டாக மடித்து முழங்காலில் கட்டிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் மணலில் கிடக்கும் கிளிஞ்சல் துண்டு தோலைக் கிழித்துவிடும். சர்க்கரை நோயுள்ளவர்கள் நடந்தே போகட்டும், புண் எளிதில் ஆறாது. செபமாலையில் மகிழ்ச்சி மறைபொருள்களை, அதாவது மரியா, இயேசு வாழ்வின் ஐந்து மகிழ்ச்சியான நிகழ்வுகளை நினைத்துச் சொல்லுங்கள். முதல் மறைபொருளே "உமது சொற்படியே எனக்கு நிகழட்டும்" என்ற மரியாவின் சம்மதம்தான். அந்த இடத்தில் தாளில் எழுதியதை ஒருமுறை நினைத்துக்கொண்டு அடுத்த மணிக்குப் போகலாம்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை உட்கார இடம் கிடைப்பதே கஷ்டம். இந்த அரை மணி நேரத்துக்காகவே வருகிறவர்கள் திருவிழா இல்லாத ஒரு செவ்வாய், புதனில் வருவது நல்லது.