ஆரிலிருந்து சைபைக்கு மரத்தை மாற்றியபோது பட்ட பாடு

ஆர் என்ற புள்ளியியல் மொழியில் ஹெச்கிளஸ்ட் (தரவில் நெருங்கியவற்றைப் படிப்படியாகக் கொத்துகளாகச் சேர்க்கும் கட்டளை) போட்டு எடுத்த கொத்து மரத்தைப் பைத்தானுக்கு, அதாவது அதன் அறிவியல் கணக்கு நூலகமான சைபைக்கு, மாற்ற வேண்டியிருந்தது. "பைத்தானிலேயே மறுபடி ஓட்டிவிடலாமே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சம தூரங்கள் இருக்கும் தரவில் எதை முதலில் சேர்ப்பது என்பதில் இரண்டும் வேறுவேறு வழியில் போகலாம். வார்டு முறையில் (கொத்துக்குள் சிதறல் மிகக் குறைவாகக் கூடும்படி சேர்ப்பது) இன்னும் சிக்கல்: ஆரில் வார்டு.டி, வார்டு.டி2 என இரண்டு உண்டு. சைபையின் வார்டு, டி2-வோடு மட்டுமே பொருந்தும். முடிவு ஏற்கெனவே அறிக்கையில் ஏறிவிட்டதென்றால் அதே மரத்தைத்தான் கொண்டுபோக வேண்டும்.

என் நேரத்தையெல்லாம் தின்றது, வேறோர் ஆய்வகத்திலிருந்து கைமாறி வந்த ஸ்கிரிப்ட். ஆரின் மெர்ஜ் அணியில், அதாவது ஒவ்வொரு படியிலும் எதோடு எது சேர்ந்தது என்ற பட்டியலில், இரண்டே நெடுவரிசை; உயரம் (எந்தத் தூரத்தில் சேர்ந்தன என்பது) தனியாக இருக்கும். சைபைக்கு நான்கு வேண்டும்: சேரும் இரண்டு, மூன்றாவதாக உயரம். நான்காவது, அந்தக் கொத்தில் எத்தனை உறுப்புகள் என்பது. ஸ்கிரிப்ட் எழுதியவர் அதில் எல்லா வரிசைக்கும் 2 என்று நிரப்பிவிட்டார். கொடுமை என்னவென்றால், சைபையின் செல்லுபடிச் சோதனை அதைப் பிடிக்கவில்லை, டெண்ட்ரோகிராம் என்ற மர வரைபடமும் அழகாக வந்தது. கோஃபெனெட் தூரங்கள்தான் (இரண்டு உறுப்புகள் மரத்தில் முதன்முதலாக ஒன்றுசேரும் உயரம்) தாறுமாறாக இருந்தன, ஏனென்றால் அந்தக் கணக்கு நான்காவது நெடுவரிசையை நம்பி நடக்கிறது. கடைசியில், அணியை மரமாகக் கட்டித் தரும் சைபையின் டூ_ட்ரீ-யைக் கூப்பிட்டதும் எண்ணிக்கை தவறு என்று பட்டென்று சொல்லிவிட்டது. முதல் வேலையாக அதை ஓட்டுங்கள், படத்தை நம்பாதீர்கள்.

மாற்றும் விதி சின்னதுதான். மெர்ஜில் கழித்தல் எண் என்றால் தனி உறுப்பு: குறியை நீக்கி 1 கழிக்கவும். கூட்டல் எண் என்றால் முந்தைய வரிசையில் உருவான கொத்து: மொத்த உறுப்புகளைக் கூட்டி 1 கழிக்கவும். ஆரோடு வரும் யுஎஸ்அரெஸ்ட்ஸ் தரவில் 50 மாநிலங்கள். முதல் இணைப்பு -15, -29, அதாவது அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும், உயரம் 2.291. சைபையில் அது 14, 28 ஆகும். அந்தக் கொத்தின் எண் 50. எண்ணிக்கையை மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வரலாம். எல்லாமே தசம எண்ணாக இருக்க வேண்டும், முழு எண் அணியைக் கொடுத்தால் சைபை ஏற்காது.

இரண்டு நெடுவரிசைகளையும் இடம் மாற்றாமல் அப்படியே வைத்தேன். அப்புறம் சைபையின் லீவ்ஸ்_லிஸ்ட் (மரத்தின் அடியில் உறுப்புகள் இடமிருந்து வலமாக வரும் வரிசை) தந்த எண்களோடு 1 கூட்டி, ஆரில் அதே வரிசையைத் தரும் ஆர்டரோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை! பெருமூச்சு விட்டேன்.

சிஎஸ்வி வழியாகக் கொண்டுபோகிறவர்களுக்கு: ரைட்.சிஎஸ்வி தானாகவே வரிசைப் பெயர்களை முதல் நெடுவரிசையாகச் சேர்க்கும், அதை நிறுத்திவிடுங்கள். உறுப்புகளின் பெயர்களைத் தனிக் கோப்பில் எடுத்துப்போங்கள், சைபையின் அணியில் அவற்றுக்கு இடமில்லை. மேட்லாபிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம்: சைபையிலேயே ஃப்ரம்_எம்லாப்_லிங்கேஜ் இருக்கிறது, எண்ணிக்கையையும் அதுவே போட்டுத் தரும்.