கோப்லினுக்கு 7 ஹெச்பி போதாது

தாயக்கட்டை இரண்டையும் உருட்டினால் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. பத்து முறை உருட்டியும் விழாமலே போக 26 சதவீதம். வீட்டில் ஆடும்போது கைராசியைக் கேலி செய்துவிட்டுக் கட்டையை அடுத்தவர் வாங்கிக்கொள்வார். அதே கணக்கை மொபைலில் வைத்துப் பாருங்கள், 'கேம் ஏமாத்துது' என்று ஒற்றை ஸ்டார் ரிவ்யூ வரும்.

மேசை விளையாட்டின் விதியைக் கணினிக் கோடாக (code) மாற்றும்போது முதலில் இடிப்பது இதுதான். பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளில், முதல் லெவல் போர்வீரனுக்கு வழக்கமாகத் தாக்குதலில் பகடை எண்ணோடு +5. கோப்லின் என்ற குட்டி அரக்கனின் ஏசி, அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 15. ஆக, 20 முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்: 55 சதவீதம். அடுத்தடுத்து மூன்று அடி தவற 9 சதவீதம். மேசையில் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் "வாள் கேடயத்தில் பட்டுத் தெறித்தது" என்று எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவார். தாம்பரத்தில் ரயிலேறி சைதாப்பேட்டையில் இறங்குவதற்குள் சண்டையை முடிக்கப் பார்ப்பவருக்கு அது வெறும் எரிச்சல்.

எளிய வழி, அடி படும் வாய்ப்பை 80 சதவீதத்துக்கு உயர்த்தி, எதிரியின் ஹெச்பியை (உயிர்ப் புள்ளிகளை) அதே விகிதத்தில், அதாவது 1.45 மடங்கு, கூட்டுவது. கோப்லினின் 7 ஹெச்பி 10 ஆகும். சண்டையின் நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், வெற்று வீச்சு பாதிக்கும் கீழே போகும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் ஏசியைப் பார்ப்பதே இல்லை; வாய்ப்பை உயர்த்தியதால் அதற்கு லாபமில்லை. அதன் எட்டு ஆறுமுகப் பகடை சராசரியாக 28 தரும். ஹெச்பி ஏறியதும் அது புஸ்வாணமாகிவிடும். பன்னிரண்டு பகடையாக்கினால் 42, சரியாக வரும். தவறாமல் படும் மேஜிக் மிஸைல் மந்திரத்துக்கும் இதே வைத்தியம்.

தவறும் ஒவ்வோர் அடிக்கும் 10 சதவீதம் கூட்டி, பட்டதும் பழைய எண்ணுக்குத் திரும்புவது இன்னொரு வழி. இதில் 55 என்று திரையில் காட்டுவது நடைமுறையில் 60-ஐத் தாண்டும். ஆரம்ப எண்ணைக் குறைத்து ஈடுகட்டுங்கள். சேரும் இந்தக் கூடுதலைத் தாக்குபவர் பெயரில் மட்டும் வைத்தால், ஆட்டக்காரர்கள் ஏசி அதிகமுள்ள சில்லறை எதிரியிடம் வேண்டுமென்றே தவறவிட்டுச் சேமித்து, பெரிய எதிரியான பாஸ் மேல் இறக்குவார்கள். தாக்குபவர்-இலக்கு என்ற ஜோடிக்குத்தான் வைக்க வேண்டும்.

அடுத்த தொல்லை, அடுத்தவர் முறையில் குறுக்கிட்டுச் செய்யும் ரியாக்‌ஷன். உதாரணமாக, ஷீல்டு மந்திரம் அடி பட்டது தெரிந்த பிறகு ஏசியை 5 கூட்டுகிறது. பகடையையும் சேதத்தையும் கோடின் ஒரே ஃபங்க்‌ஷனில் உருட்டியிருந்தால் நடுவில் நுழைய இடமே இருக்காது. பகடை, மொத்தம், 'ஷீல்டு போடவா?' என்ற கேள்வி, மறுகணக்கு, சேதம் என்று ஐந்தாக உடைத்து எழுதுங்கள். ஆட்டக்காரருக்கு 'எப்போதும், கேள், வேண்டாம்' என மூன்று தேர்வு போதும்.

எதிரி மந்திரவாதியிடம் கேட்கத் தேவையில்லைதான். ஆனால் கோடுக்கு மொத்த எண் தெரியும். 5 கூட்டினால் தப்பலாம் என்னும்போது மட்டும் ஷீல்டு போட்டால், ஒன்றைக்கூட வீணாக்காத எதிரி கிடைப்பான். டன்ஜன் மாஸ்டர் அவ்வப்போது வீணடிப்பார். நான்கில் ஒன்றையாவது கோடும் வீணடிக்கட்டும்.