பெரியாத்துத் தண்ணியும் பசிபிக் கடலும்

"இந்த வருசமாவது பெரியாத்துத் தண்ணி கடைமடைக்கு வருமாப்பா?" மேலூர்ப் பக்கம் எங்க கண்மாய்க்கரையில நின்னு அப்பா கேட்டாரு. அந்தக் கேள்விதான் என்னை கில்பர்ட் வாக்கர்கிட்ட கொண்டுபோய் விட்டுச்சு.

கேம்பிரிட்ஜ் கணித அறிஞர். 1904-ல இந்திய வானிலைத் துறைக்குத் தலைவரா வந்தாரு. தாது வருசப் பஞ்சத்தையும் 1899 வறட்சியையும் பார்த்த நாடு இது. மழையை முன்கூட்டியே கணிக்கணும்னு, கணினி இல்லாத காலத்துல, உலகத்துப் பல ஊர்க் காற்றழுத்தப் பதிவுகளை ஆள் வச்சு வருசக்கணக்கா ஒப்பிட்டாரு. நினைச்சாலே மலைப்பா இருக்கு! பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினா இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குது, நம்ம கிணத்து ஏத்தம் மாதிரி. அதுக்குத் தென் அலைவுன்னு பேர் வச்சாரு. காரணம் புரியாமலே 1958-ல காலமானாரு. 1969-ல வானிலை அறிஞர் பியர்க்னஸ் அதைக் கடல் சூட்டோட முடிச்சுப் போட்டு விளக்கி, அந்தக் காற்றுச் சுழற்சிக்கு வாக்கர் பேரையே வச்சாரு. எனக்கு கண் கலங்கின இடம் அது.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகுறதுக்குப் பேர்தான் எல் நினோ. அது வந்தா தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். பெரியாறு அணைக்கு அதுதான் உசுரு. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழை பல தடவை கூடுதலாப் பெய்யும். இதை அப்பாகிட்ட சொன்னேன்.

"அப்ப கண்மாய் மடையை இப்பவே சரி பண்ணிருவோம்"னு மம்பட்டியை எடுத்துட்டாரு.